பட்டு செக்ஷனும் தூங்குமூஞ்சிச் சுரப்பியும்

ஜவுளிக்கடை வேலையில் முதலில் பழக வேண்டியது நாள் முழுக்க நிற்பது. அடுத்துப் பழக வேண்டியது, கால் கடுப்பது முகத்தில் தெரியாமல் சிரிப்பது. இந்த இரண்டையும் நான் சேர்ந்த புதிதிலேயே பழகிவிட்டேன். அதுக்குப் பொறவு ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நின்றபடியே தூங்குவது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

காலையில் பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு இதை எதுக்கு எடுத்தோம் என்று யோசித்தவர்கள், சித்திரை வெயிலில் போர்வை தேடியவர்கள், சீப்பில் வந்த முடியைப் பார்த்துவிட்டுத் தலையில் மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தவர்கள், அரை வயிறு சாப்பிட்டும் ஜாக்கெட் கை இறுகிப் போனவர்கள், இவ்வளவும் இருந்தும் வீட்டில் 'சோம்பேறி' என்று பேர் வாங்கியவர்கள், எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கள். நீங்கள் நம்ம கூட்டம்.

என் பேர் மாரீஸ்வரி. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டி. வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கிறார். நாலு வயதில் ஒரு மகள். அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்ப் பட்டு செக்ஷனில் நிற்கிறேன். எனக்கு வாய் கிடையாது. யாராவது கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டால் தெரிந்த பதில்கூடத் தொண்டையை விட்டு வராது. எங்கள் தளத்து மேனேஜரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் பேச்சு எப்போதுமே உரக்கத்தான் இருக்கும். ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரே முடிவாகச் சொன்னார்.

"தீவாளி யாவாரம் ஆரம்பிக்கதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும் மாரி. ஒடம்புக்கு முடியலன்னா டாக்டர் சீட்டு கொண்டா, பாத்துக்கிடலாம். சோம்பல்னா வீட்ல போய்த் தூங்கு."

ஆக, வியாதி இருந்தால் வேலை உண்டு. வியாதி இல்லையென்றால் வேலை இல்லை. அவர் இப்படிச் சொல்லும்படி நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடியில் கிடந்த நீலம்

எங்கள் கடையில் ஏசி போட்டால் போட்டதுதான். வெளியே ரோட்டில் தார் உருகுகிற மே மாசத்தில் உள்ளே வருகிறவர்கள் அப்பாடா என்று உட்காருவார்கள். எனக்குப் பல் கிட்டித்துவிடும். ரிமோட் அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருக்கும். போய்க் கேட்க வாய் வேண்டுமே.

பட்டு செக்ஷனில் ஒரு வழக்கம். பிரித்துப் போட்ட புடவையில் ஒன்றை வந்தவர்கள் செத்த நேரம் கூடுதலாகப் பார்த்தால், நாங்களே அதைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் எடுத்து மடித்துவிட வேண்டும். நான் போடுவதைச் செய்தேன், எடுப்பதை விட்டுவிட்டேன். பட்டு என்ன ஒரு கதகதப்பு என்பது கட்டுகிறவர்களைவிடக் குளிரில் நடுங்குகிறவளுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தது. பச்சையைப் போட்டுக் காட்டினேன். அதன் மேல் அரக்கு. அதன் மேல் மாம்பழ மஞ்சள். அதன் மேல் வாடாமல்லி. கையை மடக்க முடியவில்லை, ஆனாலும் சுகமாக இருந்தது. கல்யாணப் பெண்ணின் பெரியம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து, முந்தானைகளை ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் எங்கள் கடை யூனிபார்ம் புடவையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

"எல்லாத்துக்கும் அடியில கெடக்கே நீலம், இதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. இத எதுக்கு ஒளிச்சு வச்சிருக்க?"

மாடிக்கு ரெண்டு அண்ணாச்சி

நாலாவது மாடியில் ஸ்டாக் ரூம். அதுக்குத் தங்கராசு அண்ணன் பொறுப்பு. கீழேயிருந்து எந்த டிசைன், எந்த கலர் வேண்டும் என்று இன்டர்காமில் சொன்னால், அவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, பொறவு யோசித்து அனுப்புவார். அண்ணாச்சி கேட்டால் மட்டும் லிப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் ஆள் ஓடி வரும்.

எனக்குக் கொஞ்ச நாளாகக் குரல் தடித்துப் போயிருந்தது. தொண்டைக்குள் யாரோ சாக்கை விரித்துப் போட்ட மாதிரி. ஒருநாள் பயந்து பயந்து போனை எடுத்து, "அண்ணே, அந்த சாமுத்ரிகா பார்டர்ல..." என்று ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம், "இந்தா அனுப்பிட்டேன் அண்ணாச்சி" என்றது. புடவையும் வந்துவிட்டது. பக்கத்து கவுண்டர் சுப்பக்கா இதைப் பார்த்துவிட்டாள். சுப்பக்கா ராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், ஒரு விஷயத்தை அவளிடம் சொன்னால் தளம் முழுக்கச் சொன்ன மாதிரி. அன்றிலிருந்து எல்லா கவுண்டருக்கும் நான்தான் போன் போட்டேன். வாயே திறக்காதவளுக்குப் பேசுகிற வேலை கிடைத்தது.

இது இரண்டு வாரம்கூட ஓடவில்லை. ஒருநாள் அண்ணாச்சியே மேலே போன் போட்டிருக்கிறார். "இப்பத்தான அண்ணாச்சி அனுப்புனேன், நின்னுக்கிட்டே ஒரு வாய் டீ குடிக்க விட மாட்டீங்களா" என்று தங்கராசு அண்ணன் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். விசாரணை என்னிடம் வந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி போனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். இப்ப நான் கேட்டா டீ குடிக்க விடுங்கங்கான், நீ கேட்டா ஓடி வாரானே, அது எப்பிடி?"

வாசலில் ஒரு பொம்மை

எந்தக் கடையிலும் வாசலில் பொம்மைகளுக்குப் புடவை கட்டி நிறுத்தியிருப்பார்கள். ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் கூட்டம் தாங்காமல் என்னையும் ஒரு பட்டுப் புடவையைத் தோளில் போட்டு, பொம்மைகள் பக்கத்தில் வாசலில் நிறுத்திவிட்டார் அண்ணாச்சி. வருகிறவர்களைக் கும்பிட வேண்டியது, பட்டு உள்ளே என்று கை காட்ட வேண்டியது. அம்புட்டுத்தான் வேலை. மத்தியானம் சாப்பிட்டு வந்து நின்றேன். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது. கண் மட்டும் மூடிவிட்டது.

கூமாப்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். பொம்மைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் மேல் கிடந்த புடவை பிடித்துப்போய், முந்தானையைத் திருப்பி ஜரிகையை உரசிப் பார்த்து, விலைச் சீட்டு எங்கே என்று என் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டிருக்கிறார். கை ஜில்லென்று பட்டதும் நான் கண்ணைத் திறந்து, பழக்க தோஷத்தில், "வாங்கம்மா" என்றேன். அந்த அம்மா அப்படியே பின்னால் நகர்ந்து படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம், விசிறினோம், அண்ணாச்சி கூல்டிரிங்ஸ் வரவழைத்தார். பாதி குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"பொம்மைட்ட வெல கேட்டது போதும் தம்பி. முழிச்சிருக்கிற புள்ள யாராச்சும் இருந்தா வரச் சொல்லு."

மறுநாள்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அந்த டாக்டர் சீட்டுப் பேச்சைப் பேசினார். சுப்பக்கா என் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க சின்னம்மா மகளுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. இது தைராய்டு. கழுத்துல இருக்கிற சுரப்பி மெதுவா ஓடுதுன்னு அர்த்தம்" என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாக ஒரு பேர் கிடைத்தது. ஆனால் சுப்பக்கா சொன்னால் போதுமா, டாக்டர் சொல்ல வேண்டுமே.

அனுமதி இல்லாத வியாதி

சுப்பக்கா சொன்னது வாடிக்கையாளர்களுக்கும் தெரிந்துவிட்டது. புடவை எடுக்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் முட்டைக்கோஸைத் தொடாதே என்றார். ஒருவர் முட்டைக்கோஸ் மட்டும் தின்னு என்றார். கான்சாபுரத்திலிருந்து மனைவிக்குப் புடவை எடுக்க வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர், மீசையை நீவிக்கொண்டு, என்னை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். நின்றேன். கழுத்தைப் பார்த்தார்.

"விடியுமுன்ன எந்திரிச்சு மைதானத்தச் சுத்தி ஓடு. எங்க ரெஜிமெண்ட்ல இத்தன வருசம் இருந்தேன், ஒருத்தனுக்கும் தைராய்டு கெடையாது. அனுமதி இல்ல" என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். அவர் பணம் கட்டப் போனதும் அவர் மனைவி புடவைப் பையை வாங்கிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"ரிட்டையர் ஆன அன்னைக்கே இவருக்கு அனுமதி கெடச்சிருச்சு பாப்பா. மத்தியானம் படுத்தா வெளக்கு வைக்கத்தான் எந்திரிக்காரு."

யாருக்கு டெஸ்ட்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நான் பேச மாட்டேன் என்று தெரிந்து துணைக்கு அத்தை வந்தார். என் மாமியாரைத்தான் சொல்கிறேன். அவரும் என்னைச் சோம்பேறி என்று சொல்பவர்தான், ஆனால் வெளியாள் சொன்னால் பொறுக்க மாட்டார். அந்த அண்ணாச்சி எப்படிச் சொல்லலாம் என்று ஒரு வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் எல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"தூக்கம் எப்படி?"

"அதுக்குக் கொறையே இல்ல. நின்னா தூக்கம், ஒக்காந்தா தூக்கம். அடுப்புல பால வச்சிட்டும் தூக்கம்."

"மாதாமாதம் சரியா வருதா?"

"எங்க. அது அவ இஷ்டத்துக்கு வருது."

"வெளிக்கு ஒழுங்காப் போறீங்களா?"

நான் சீலை நுனியைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். அத்தை அதுக்கும் பதில் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். டாக்டரம்மா என்னை எச்சில் முழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நான் முழுங்கும்போது அத்தையும் சேர்ந்து முழுங்கினார். எழுத ஆரம்பித்த டாக்டரம்மா பேனாவை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"தைராய்டு, சுகர் ரெண்டுக்கும் எழுதியிருக்கேன். ஒருத்தருக்கு எழுதவா, ரெண்டு பேருக்கும் எழுதவா?"

மெஷினுக்குப் பக்தி கிடையாது

சுகரும் பார்க்க வேண்டியிருந்ததால் காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் அத்தைக்கு ஒரு யோசனை. "வெறும் வயித்தோட போறது போறே, அப்பிடியே கோயிலுக்கும் போயிட்டுப் போ. வெரதமாவும் ஆச்சு." எனக்கும் சரியென்று பட்டது. குளித்து, ஈரத் தலையோடு பஸ் ஏறி, கோயிலுக்குப் போனேன். தாயார் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு, எனக்குக் கட்டாயம் தைராய்டு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னேன் போல. பக்கத்தில் நின்ற அம்மா என்னைத் தொட்டு, "இருக்கக் கூடாதுன்னு கேக்கணும் தாயி, மாத்திக் கேக்க" என்று திருத்தினார். இல்லம்மா, இருக்கணும் என்றுதான் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திரும்பும்போது தொன்னையில் சூடாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். கேட்டது கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும். கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டேன். லேபில் இருந்த சின்னப் பெண் சிரிஞ்சைப் பிரித்துக்கொண்டே, "ஒண்ணும் சாப்பிடலயேக்கா?" என்று கேட்டது. இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கையில் பஞ்சை வைத்துத் தேய்த்தது. பஞ்சில் நெய்யும் ஒரு முந்திரித் துண்டும் வந்தது. "இது என்னக்கா?" என்றது. பிரசாதம் என்றேன். "அப்ப சாப்பிட்டிருக்கீங்க." "இல்லம்மா, பிரசாதம்தான்." அது சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டது.

"ஒங்களுக்கு அது பிரசாதம்க்கா. எங்க மெஷினுக்குப் பக்தி கெடையாது, அது சுகர்னுதான் காட்டும். நாளைக்கு வாங்க."

நாளைக்கு

மறுநாள் கோயில் இருக்கிற தெருப் பக்கமே போகவில்லை. நேராக லேப். அத்தை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் ரப்பரைக் கட்டினாள் அந்தப் பெண். நரம்பு கிடைக்கவில்லை. தட்டினாள், தடவினாள், கையை மூடித் திற என்றாள். நல்ல நாற்காலி. சாய்வு இருந்தது, கை வைக்க இடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு நாற்காலியில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. பகலில், அதுவும் உட்கார்ந்துகொண்டு.

அடுத்து எனக்குத் தெரிந்தது முகத்தில் தண்ணீர். அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள், உள்ளேயிருந்து இன்னொருவர் ஓடி வருகிறார், காலைத் தூக்கிப் பிடி என்கிறார். நான் எழுந்து உட்கார்ந்து, ரத்தம் எடுத்தாச்சா என்று கேட்டேன். அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"மயக்கம்னுதான்க்கா மொதல்ல பயந்தேன். மயங்குனவங்க கொறட்ட விட்டு நான் பாத்ததே இல்ல."

கூடினால் குறைவு

ரிசல்ட் வீட்டுக்காரர் போனுக்கு வந்தது. அவர் ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவி, போனைத் தூரமாகப் பிடித்து வாசித்தார். இல்லை என்று வந்தால் நான் சோம்பேறி என்பது லேபிலேயே உறுதியான மாதிரி ஆகிவிடும். அண்ணாச்சியும் சும்மா விட மாட்டார்.

"சுகர் இல்ல. தைராய்டுக்கு டி.எஸ்.எச்.னு ஒரு நம்பர், அது அஞ்சுக்குள்ள இருக்கணுமாம். ஒனக்கு இருபத்து மூணு" என்றார்.

சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்றல்லவா சொன்னார்கள், நம்பர் இப்படிக் கூடிக் கிடக்கிறதே. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் இப்படி மார்க் அள்ளியதில்லை. அத்தை பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டே முடிவு சொல்லிவிட்டார். "அஞ்சு இருக்க வேண்டிய எடத்துல இருபத்து மூணா? அப்ப சுரப்பி நாலாளு வேலையப் பாக்குது. கொறையெல்லாம் ஒண்ணுமில்ல, கொழுப்புத்தான்." அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தூங்கினேன், அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். சீட்டைப் பார்த்தவுடன் அவர், "இருக்கு" என்றார். எது இருக்கு என்று அத்தை கேட்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "எங்க வேலை பாக்குறீங்க?" என்றார். ஜவுளிக்கடை என்றேன். "உங்க மேனேஜர் எப்ப ரொம்ப சத்தம் போடுவார்?" நான் தூங்கினால் என்றேன். "இன்னும் தூங்கினா?" இன்னும் சத்தம் போடுவார் என்றேன். "அதேதான். கழுத்துல இருக்கிற சுரப்பி தூங்குது. மூளைக்கு அடியில ஒரு மேனேஜர் உக்காந்து அத எழுப்ப சத்தம் போடுறார். இந்த நம்பர் அந்த சத்தம். சுரப்பி தூங்கத் தூங்க சத்தம் கூடும்."

இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய படிப்புக்காரர் சொன்னது எனக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, போட்டு முக்கால் மணி நேரம் காபி கூடாது என்று எழுதினார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அத்தை சொன்னார்.

"அப்ப சோம்பேறி நீ இல்லட்டி. அந்தச் சுரப்பிதான்."

வரும் வழியில் நான் கால் கிலோ பால்கோவா வாங்கினேன். கண்டக்டருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார். தைராய்டு இருக்கு அண்ணே என்றேன். அவர் வாயில் போட்டதை முழுங்குவதா வேண்டாமா என்று பார்த்தார்.

அண்ணாச்சி வாசித்த சீட்டு

சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அவர் மேஜை. தளம் முழுக்க மடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. அவர் மேலேயிருந்து கீழே வாசித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், ஜரிகையைப் பார்க்கிற மாதிரி.

"இதுல சோம்பேறி இல்லன்னு எங்க போட்டிருக்கு?"

வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் இந்தத் தடவை பேசாமல் நின்றால் வேலை போய்விடும். மகளுக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். சுப்பக்கா வேறு பின்னாலிருந்து, "சொல்லு, சொல்லு" என்று முழங்கையால் இடிக்கிறாள். நான் கையை நீட்டி அந்த நம்பரைத் தொட்டேன். "அண்ணாச்சி, அஞ்சு இருக்க வேண்டியது, எனக்கு இருபத்து மூணு. உள்ள இருக்கிறது தூங்கத் தூங்க மேனேஜர் சத்தம் போடுவாராம். இந்த நம்பர் மேனேஜர் போட்ட சத்தம்னு டாக்டரம்மா சொன்னாவ." மூச்சு வாங்கியது. மூளைக்கு அடியில் இருக்கிற மேனேஜர் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுக்கு மூச்சு இல்லை.

அண்ணாச்சி சீட்டை மேஜையில் வைத்தார். இருபத்து மூன்றின் மேல் விரலை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் சின்னதாகிவிட்டது. அவர் குரல் அப்படி இறங்கி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"நான் போட்ட சத்தமெல்லாம் ஒன் ரத்தத்துல போயா நிக்கிது? ஒரு வார்த்த சொல்லப்படாதா மாரி, மெதுவாப் பேசியிருப்பேன்ல."

இல்லை அண்ணாச்சி, அது வேற மேனேஜர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள் அவர் ஒரு ஸ்டூலை அவர் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் என் கவுண்டரில் போட்டுவிட்டார்.

சுப்பக்காவின் துக்கம்

என் ஸ்டூலைப் பார்த்துப் பார்த்துச் சுப்பக்காவுக்கும் சோர்வு வந்தது. முடி கொட்டியது. குளிர்ந்தது. ஒரு வாரத்தில் அவளும் லேபுக்குப் போய்விட்டாள். மறுநாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் நார்மலாம் மாரி. இனி நான் எதச் சொல்லி ஒக்காருவேன்?"

நம்பர் இறங்கியது

அன்றிலிருந்து அண்ணாச்சி என்னிடம் கோயிலில் பேசுகிற மாதிரிதான் பேசினார். கூட்டத்தில் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டியிருந்தால், கூப்பிடாமல் நடந்து வந்து சொல்லிவிட்டுப் போவார். தீபாவளி வியாபாரம் முழுக்க அவர் வாயைக் கட்டிக்கொண்டு பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒரு தடவை நான் எட்டு முழ வேட்டி கேட்டவருக்குப் பட்டுப் பாவாடையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி முகம் சிவந்து, வாயைத் திறந்து, மூடி, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். நான் உண்மையைச் சொல்லிவிடத் தினமும் நினைப்பேன். ஸ்டூலைப் பார்ப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடுவேன்.

மாத்திரை வேலை செய்தது. மெதுவாகத்தான், ஆனால் செய்தது. பஸ்ஸில் ஊர் வருவதுக்கு முன்னாலேயே கண் விழித்திருந்தது. குரல் தெளிந்து, தங்கராசு அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு பழையபடி டீ குடிக்க ஆரம்பித்தார். ஏசியில் நிற்கும்போது எனக்கும் அப்பாடா என்று வந்தது. தீபாவளி கழிந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன், இந்தத் தடவை முழித்துக்கொண்டே. நம்பர் நாலு.

சீட்டை அண்ணாச்சி கேட்டு வாங்கிப் பார்த்தார். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைவிட அவருக்குக் கிடைத்தது பெரிசு. தளத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, நான் வாயக் கட்டுனேன், இவ நம்பர் எறங்கிருச்சு." நானும் ஆமா என்று தலையாட்டினேன். அவர் சீட்டை மடித்து என்னிடம் தந்துவிட்டு, ஸ்டூலை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். தை மாசத்திலிருந்து முகூர்த்தப் பட்டு கவுண்டர் முழுக்க நான்தான் பார்க்க வேண்டும் என்றார். பத்தடி போனவர் திரும்பி வந்து, குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு மாரி. இனி நான் சத்தம் போடலாமா?"

நோய் இருந்தபோது சோம்பேறி என்றார்கள், நோய் என்று தெரிந்ததும் ஸ்டூல் போட்டார்கள், நோய் அடங்கியதும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வேலையைக் கூட்டிவிட்டார்கள் என்றால், இந்த மூன்றில் நான் நல்லாயிருந்தது எப்போது என்று நம்ம கூட்டத்தார்தான் சொல்ல வேண்டும்.